கித்தாக்காட்டின் இளவேனில்: சுங்கை காடுட்டிலிருந்து கடல் வரை

மலேசியாவில் இளவேனில் கிடையாது என்று பள்ளிப் பாடநூல் சொல்லும். நெகிரி செம்பிலான் மாநிலத்துச் சுங்கை காடுட் பூமத்திய ரேகைக்கு வடக்கே மூன்று பாகைக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஊருக்கு நான்கு பருவம் எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் ரப்பர் மரம் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. அமேசான் காட்டிலிருந்து வந்த மரம் அது. விதை பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கே முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அந்த மரம் ஆண்டுக்கு ஒருமுறை தன் இலை முழுவதையும் உதிர்க்கும் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் சனவரிக் கடைசியில் இலை நிறம் மாறத் தொடங்கும். நெகிரி செம்பிலானில் பிப்ரவரி மாதம் கித்தாக்காடு, அதாவது ரப்பர்க்காடு, மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமாக நிற்கும். சில வாரங்களில் கிளைகள் மொட்டையாகி, நிரைக்கு நிரை சருகு கணுக்கால் உயரம் கிடக்கும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் எட்டிப்பார்க்கும். மார்ச் முடிவதற்குள் காடு மறுபடி பச்சையாகிவிடும், சின்னஞ்சிறு மஞ்சள் பூக்களோடு.

இதுதான் இந்த மண்ணின் இளவேனில். ஓய்வாக நாலு நாள் ஊர் சுற்றிப் பார்க்க இதைவிட நல்ல காலம் இங்கே இல்லை. வடகிழக்குப் பருவமழையை நடு மலைத்தொடர் தடுத்துவிடுவதால் மேற்குப் பக்கத்தில் பிப்ரவரி வறண்ட மாதம். ரோடு காய்ந்திருக்கும், வானம் திறந்திருக்கும், கடல் அமைதியாக இருக்கும். சுங்கை காடுட்டிலிருந்து புறப்பட்டு ரந்தாவ், லிங்கி, பெங்காலான் கெம்பாஸ், தஞ்சோங் துவான், போர்ட்டிக்சன், லுக்குட் என்று ஒரு வளையம் போட்டுத் திரும்பலாம். ஒரு பகலிலேயே காரில் சுற்றி முடித்துவிடக்கூடிய வளையம்தான். இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு சுற்றினால் ஐந்நூறு ஆண்டு வரலாறு வழியில் வரும்.

அந்த வரலாற்றில் ஒரு பகுதி மலேசியத் தமிழரான நம்முடையது. பயணக் கையேடுகள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் பகுதியும் அதுதான். போர்ட்டிக்சன் என்றால் கடற்கரை, ஹோட்டல், சுட்ட மீன் என்றுதான் எழுதுகிறார்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நிலத்தைக் காடு வெட்டிச் சீர்செய்து, மரம் நட்டு, ரோடு போட்டு, பால் எடுத்தவர்கள் யார் என்ற கேள்விக்கு அந்தப் பக்கங்களில் இடமில்லை. அவர்களுக்கு ஓய்வு என்ற ஒன்று எப்படி வாய்த்தது, வாய்த்ததா என்ற கேள்வியையும் கையில் வைத்துக்கொண்டு இந்த வளையத்தைச் சுற்றவேண்டும் என்பது என் கருத்து.

சுங்கை காடுட் சுற்றுலாப் பட்டியல்களில் வரும் ஊர் அல்ல. சிரம்பானுக்குத் தெற்கே, ரெம்பாவ் போகும் வழியில் இருக்கிறது. துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டை இங்கே வந்த பிறகு, சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் உளியும் வாளியும் எடுக்காமல் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நின்றார்கள். தோட்டத்து வாழ்க்கையிலிருந்து தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதி வாழ்க்கைக்கு நம்மவர்கள் கடந்துபோன வாசல்களில் இது ஒன்று. சிரம்பானிலிருந்து கிம்மாஸ் வரை இரட்டை மின்பாதை 2013இல் முழுமையானது. இன்று கொம்யூட்டர் ரயில் சிரம்பான், செனாவாங், சுங்கை காடுட், ரெம்பாவ் என்று நின்று பூலாவ் செபாங் வரை போகிறது. கோலாலம்பூரிலிருந்து வருபவர் கார் இல்லாமலே இங்கே இறங்கலாம். ஆனால் கடலுக்கு இங்கிருந்து ரயில் இல்லை. ஒரு காலத்தில் சிரம்பானிலிருந்து இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். அது புரியாமல் ஓய்வு பற்றிய பேச்சு அரைகுறையாகிவிடும்.

ரப்பர் பால் விடியற்காலையில்தான் நன்றாக ஓடும். இரவில் இலைகள் நீரை அதிகம் வெளிவிடுவதில்லை. பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் ஏறி நிற்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து பால் நின்றுவிடும். அதனால்தான் தோட்டத்தில் இருட்டோடு பெரட்டு, அதாவது வருகைக் கணக்கெடுப்பு. கிராணி பெயர் கூப்பிட, தண்டல் நிரை பிரித்துக் கொடுக்க, ஆணும் பெண்ணும் தலையில் விளக்கோடு காட்டுக்குள் போனார்கள். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில். மரம் சீவி முடித்து, பசியாறி, பால் எடுத்து, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் வாளி தொங்கவிட்டு ஸ்டோருக்குத் தூக்கிவந்து நிறுத்தால்தான் அந்த நாள் கணக்கில் ஏறும். விடியற்காலை மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால், நாள்கூலிக் காலத்தில், கூலியும் இல்லை.

இலை உதிரும் காலம் இதன் நீண்ட வடிவம். புதுத்தளிர் விட மரம் தன் சேமிப்பைச் செலவழிக்கும்போது பால் குறைகிறது. வாளி நிறையாது. சில தோட்டங்களில் சில வாரம் சீவுவதையே நிறுத்திவைப்பார்கள், மரம் தேறட்டும் என்று. மரத்துக்கு ஓய்வு கிடைத்தது. சீவியவருக்குக் கிடைத்தது ஓய்வா? களையெடுப்பு, மருந்தடிப்பு என்று கிடைத்த வேலைக்குப் போனார்கள். கடையில் பற்றுக்கணக்கு ஏறியது. ஆண்டின் மிக அழகான மாதம் தோட்டத்து அடுப்படியில் மிக இறுக்கமான மாதமாக இருந்தது. இந்த முரணை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் பிப்ரவரியின் சிவந்த காட்டைப் படம் எடுப்பது பாதிப் பார்வைதான்.

அதே மாதங்களில்தான் பல தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவும் வரும். மாசி, பங்குனி, சித்திரை என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். காப்பு கட்டு, கரகம், தீமிதி என்று ஒரு வாரம், பத்து நாள் நடக்கும். பால் குறைந்த காலமும் திருவிழாக் காலமும் ஒன்றையொன்று தொட்டு நின்றதை நான் தற்செயல் என்று தள்ளமாட்டேன். தமிழகத்து ஊரில் அறுவடை முடிந்து நிலம் காயும் மாதங்களில் அம்மனுக்கு எடுத்த விழாவை, இங்கே வந்தவர்கள் மரம் காயும் மாதங்களில் எடுத்தார்கள். நிர்வாகம் கொடுக்காத விடுமுறையை அம்மன் பெயரால் தாங்களே ஏற்படுத்திக்கொண்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். சட்டம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. பி.பி. நாராயணன் வழிநடத்திய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் உருவானது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்துக்கு ஒருநாள் ஓய்வைத் தொழிலாளியின் உரிமையாக்கியது. பின்னாளில் அதே சட்டத்தின்கீழ் ஆண்டு விடுப்பு, பணிக்காலத்தைப் பொறுத்து 8, 12, 16 நாள் என்று வரையறுக்கப்பட்டது. எழுத்தில் வந்த இந்த நாட்களுக்கு முன்னால் எத்தனை தலைமுறை விடியலில் எழுந்து போயிற்று என்பதை இந்த வழியில் போகிறவர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

சுங்கை காடுட்டிலிருந்து ரந்தாவ் பக்கம் இறங்கினால் லின்சம், கொம்போக் என்ற பெயர்கள் வரும். இரண்டும் தோட்டங்கள், இரண்டின் பெயரையும் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. சுங்கை ஊஜோங் என்று அன்று அழைக்கப்பட்ட இந்த வட்டாரத்தில் ரப்பருக்கு முன்னால் காப்பி இருந்தது. 1880களில் இங்கே வெள்ளைக்காரத் துரைமார் காப்பி பயிரிட்டார்கள். காப்பி விலை விழுந்ததும், மலாக்காவில் டான் சே யான் 1896இல் ரப்பர் நட்டுக் காட்டிய வழியில் எல்லோரும் கித்தாவுக்கு மாறினார்கள். 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனபோது தமிழகத்திலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்த வேகமும் உச்சத்தில் இருந்தது. 1907இல் உருவான இந்தியக் குடியேற்ற நிதி கப்பல் செலவைக் கட்டியது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறியவர்கள் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, இந்த நிரைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை அந்த வழி திறந்திருந்தது.

இன்று ரந்தாவைச் சுற்றிப் பெரும்பகுதி செம்பனை. 1960களிலிருந்து ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனை இலை உதிர்ப்பதில்லை. அதற்கு இளவேனிலும் இல்லை. ஆகவே சிவந்த காட்டைப் பார்க்க விரும்புகிறவர் பெருந்தோட்டங்களை விட்டுவிட்டு, கம்பம் எனப்படும் மலாய்ச் சிற்றூர்களை ஒட்டிய சிறுதோட்டங்களைத் தேடவேண்டும். லிங்கிக்கும் ரெம்பாவுக்கும் இடையே அவை இன்னும் உண்டு.

லிங்கி ஆறு இந்த வளையத்தின் தென் எல்லை. நெகிரி செம்பிலானையும் மலாக்காவையும் பிரிக்கும் ஆறு. ரயில் வருவதற்கு முன் சுங்கை ஊஜோங் ஈயம் இந்த ஆற்றில்தான் படகேறிக் கடலுக்குப் போனது. யார் சுங்கம் வாங்குவது என்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தலைவர்கள் ஓயாமல் மோதினார்கள். முகத்துவாரத்தில் டச்சுக்காரர் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய கோட்டையின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. லிங்கி கம்பம் அமைதியானது. பழைய மரவீடுகளும் பள்ளிவாசலும் உள்ள ஊர். அங்கே ஒரு மணி நேரம் நடந்தால் போதும்.

பெங்காலான் கெம்பாஸில் அதிக நேரம் நிற்கவேண்டும். சாலையோரத்தில் ஒரு சிறு வளாகம். சேக் அகமது மஜ்னூன் என்பவரின் கல்லறையும் அதைச் சுற்றி நட்டுவைத்த பெருங்கற்களும் அங்கே உள்ளன. வாள், கரண்டி, சுக்கான் என்று மூன்று கற்களுக்கு மக்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். வாள் எனப்படும் கல்லில் செதுக்குவேலை நிறைய. அதில் அல்லாஹ் என்ற பெயரும் புடைப்பாக இருக்கிறது. 1919இல் தொல்லியல் ஆய்வாளர் ஐ.எச்.என். எவன்ஸ் இந்த இடத்தை ஆராய்ந்தார். கல்லறைத் தூணின் எழுத்து பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பொது ஆண்டு 1467 என்று கணக்கிடுகிறார்கள். மலாக்கா சுல்தானகம் உச்சத்தில் இருந்த காலம்.

அந்தத் தூணில் இரண்டு எழுத்து முறைகள் இருக்கின்றன. ஒன்று அரபு வழி எழுத்து. மற்றொன்று சாவகத்துக் கவி எழுத்தை ஒத்த பழைய எழுத்து. கவி எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது. காஞ்சியில் ஆண்டவர்களின் எழுத்து கடல் தாண்டி, உரு மாறி, ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு நெகிரி செம்பிலானில் ஒரு முஸ்லிம் பெரியவரின் கல்லறையில் வந்து நிற்கிறது. இங்கே தமிழர் வரலாறு ரப்பர் கப்பலோடுதான் தொடங்கியது என்று நினைப்பவர்கள் இந்தத் தூணின் முன் கொஞ்சம் நிற்கட்டும். அதற்காக, பல்லவன் வந்து ஆண்டான் என்று வீம்பு பேசவும் அங்கே இடமில்லை. எழுத்து வந்தது; ஆட்சி வந்ததற்கு அந்தக் கல் சாட்சி அல்ல. தூணில் ஒரு வட்டத் துளை உண்டு. பொய் சொன்னவன் கையை நுழைத்தால் கல் பிடித்துக்கொள்ளும் என்பது ஊர் நம்பிக்கை. வரலாறு எழுதுகிறவர்கள் அதில் ஒருமுறை கைவிட்டுப் பார்ப்பது நல்லது.

வடக்கே திரும்பிக் கடலோரமாகப் போனால் பாசிர் பாஞ்சாங், பிறகு தஞ்சோங் துவான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் காட்டு மேடு. நிலப்பக்கம் முழுவதும் நெகிரி செம்பிலானாக இருக்க, இந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம்; பழைய கடற்பேரரசுகளின் எல்லைக் கணக்கு இன்னும் நிலத்தில் அப்படியே கிடக்கிறது. போர்ச்சுக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் இங்கே கலங்கரை விளக்கம் வைத்தார்கள். இன்று நிற்கும் கோபுரம் 1863இல் கட்டப்பட்டது. 1606இல் டச்சுக் கப்பற்படையும் போர்ச்சுக்கீசியக் கப்பற்படையும் இந்த முனைக்கு எதிரே மோதின. மலாக்கா நீரிணையில் ஐரோப்பியர் தங்களுக்குள் நடத்திய பெரும் கடற்சண்டைகளில் அது ஒன்று. மேற்குக் கரையில் கரையோர மழைக்காடு இவ்வளவு நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் இடங்கள் மிகக் குறைவு.

ஆனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தஞ்சோங் துவானுக்குப் போவதற்கு இவை எதுவும் முதல் காரணம் அல்ல. தலைக்கு மேலே பருந்துகள் வரும் காலம் அது.

சைபீரியா, வடசீனா, ஜப்பான் பக்கம் குஞ்சு பொரித்த தேன்பருந்துகள் குளிர்காலத்தைச் சுமத்ராவிலும் ஜாவாவிலும் கழித்துவிட்டு வடக்கே திரும்பும் பருவம். பெரிய பறவை. சிறகடித்தே நெடுந்தூரம் போனால் சக்தி தீர்ந்துவிடும். ஆகவே வெயிலில் சூடாகி மேலெழும் காற்றில் ஏறி, வட்டமிட்டு உயர்ந்து, அங்கிருந்து சரிந்து அடுத்த காற்றைப் பிடிக்கும். நிலத்தின் மேல்தான் அந்தக் காற்று நன்றாக எழும். கடலின் மேல் கிடைக்காது. எனவே கடலைக் கடக்க ஒடுக்கமான இடத்தைத் தேடுகின்றன. சுமத்ராவை ஒட்டிய ரூபாட் தீவுக்கும் தஞ்சோங் துவானுக்கும் இடையே நீரிணை ஏறக்குறைய 38 கிலோமீட்டராகச் சுருங்குகிறது. காலையில் அங்கே புறப்பட்டவை நடுப்பகலில் இங்கே வந்து சேரும்போது சோர்ந்திருக்கும். மர உச்சியை உரசுவதுபோலத் தாழப் பறந்து வரும். கரை தொட்டதும் மேட்டில் எழும் வெப்பக்காற்றைப் பிடித்து, ஒன்று, பத்து, சில நாள் நூற்றுக்கணக்காக, சுழன்று ஏறும். கருங்கொண்டைப் பருந்தினம், வல்லூறு வகைகள், சாம்பல்முகப் பருந்து ஆகியவையும் கூட வரும். மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டு தொடங்கி மார்ச் மாதத்தில் இங்கே பருந்து நோக்கும் விழாவை நடத்திவந்திருக்கிறது. கலங்கரை விளக்கத்தடியில் நின்று எண்ணிக் குறித்துக்கொள்ளும் தன்னார்வலர்களின் பொறுமை பெரியது.

தேன்பருந்தின் முக்கிய உணவு தேனீ, குளவிக் கூடுகளின் புழுக்கள். ரப்பர் மரம் புதுத்தளிர் விடும்போது இலைக்காம்பில் இனிப்பு நீர் சுரக்கும். அந்த வாரங்களில் கித்தாக்காட்டில் தேனீ மொய்க்கும், தேன் எடுப்பவர்களும் அதற்காகவே பெட்டி வைப்பார்கள். பறவையின் பயணமும் மரத்தின் தளிரும் ஒரே மாதத்தில் விழுகின்றன. ஒன்றுக்காக மற்றொன்று என்று நான் சொல்லவில்லை. இந்தப் பருந்துகள் ரப்பர் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்பே இவ்வழி பறந்தவை. ஆனால் இந்த நிலத்துக்கு இளவேனில் உண்டு என்பதற்கு மரம் ஒரு சாட்சி, பறவை இன்னொரு சாட்சி.

அங்கிருந்து தெலுக் கெமாங். நோன்புப் பிறை பார்க்கும் அதிகாரபூர்வ இடங்களில் ஒன்று இந்தக் கரையில்தான் உள்ளது. சனி ஞாயிறுகளில் கூட்டம் தாங்காது. வார நாளில் போகிறவருக்கே கடல் கிடைக்கும். தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன், போர்ட்டிக்சன் என்றால் லாரிப் பயணம். சம்பளம் போட்ட மறு ஞாயிறோ, தீபாவளி, பொங்கல் கழித்தோ லாரி பேசுவார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து, முதல்நாள் இரவே புளிச்சோறு கிண்டி, அவித்த முட்டையும் நெத்திலிச் சம்பாலும் கட்டிக்கொண்டு, இருட்டோடு கிளம்புவார்கள். அன்றும் விடியலுக்கு முன்தான் எழுந்தார்கள். ஆனால் பெரட்டுக்கு அல்ல. பெண்கள் சேலையோடு அலையில் நனைந்தார்கள். கிழவிகள் கடல் தண்ணீரைத் தலையில் தெளித்துக் கும்பிட்டார்கள். அந்தப் பக்கம்தான் ஊர் என்று கைகாட்டினார்கள். மாலையில் வெயிலில் கருத்து, மணல் ஒட்டிய உடம்போடு அதே லாரியில் திரும்பினார்கள். ஓராண்டு முழுவதற்கும் பேச அது போதுமானதாக இருந்தது. ஓய்வுப் பயணம் என்பதற்கு இதைவிடச் சரியான வடிவம் எனக்குத் தெரியாது. கூட்டாகச் சேர்த்த காசு, கூட்டாகச் சமைத்த சோறு, கூட்டாகப் பெற்ற ஒரே ஒரு பகல்.

அதே கரையில் வேறு விதமான ஓய்வும் இருந்தது. தோட்டக் கம்பெனிகள், அரசு அலுவலர்கள், கிறிஸ்தவ சபைகள் எனப் பலரும் இங்கே கடலோர பங்களா வைத்திருந்தார்கள். துரை குடும்பத்தோடு வந்து வாரக்கணக்கில் தங்கினார். ஒரே தோட்டத்தின் லாபமும் உழைப்பும் ஒரே கடலுக்கு இரண்டு வழியாக வந்து சேர்ந்தன.

போர்ட்டிக்சன் ஊரின் பழைய பெயர் அராங். ஸ்திரெயிட்ஸ் குடியிருப்புகளின் காலனியச் செயலாளராக இருந்த ஜான் பிரெடரிக் டிக்சனின் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. ஈயத்தை ஏற்றுவதற்காக சிரம்பானிலிருந்து இந்தத் துறைமுகத்துக்குத் தனியார் கம்பெனி ஒன்று ரயில்பாதை போட்டது. 1891இல் திறந்த அந்த 39 கிலோமீட்டர் பாதை, தைப்பிங், கோலாலம்பூர்ப் பாதைகளுக்கு அடுத்து வந்தது; மலாயாவின் தொடக்ககால ரயில்பாதைகளில் ஒன்று. ஈயமும் காப்பியும் ரப்பரும் போயின. பின்னாளில் 1960களில் வந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து எண்ணெய் வண்டிகள் போயின. 2008க்குப் பிறகு பாதை ஓய்ந்துவிட்டது. மலாயாவில் ரயில்பாதை போட்டதிலும் பேணியதிலும் தமிழர் கை எவ்வளவு என்பதை ரயில்வே குடியிருப்புகளில் பிறந்த குடும்பங்கள் அறியும். சிரம்பான் ரயில் நிலையத்திலும் அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்தார், தண்டவாளத்தில் தமிழகத்தார் என்று அன்று வேலை பிரிந்திருந்தது. இந்தப் பாதையை உல்லாச ரயிலாகவோ சைக்கிள் தடமாகவோ மீட்டால், சிரம்பானிலிருந்து கடலுக்கு அதுவே மிகச் சிறந்த வழியாக இருக்கும். புதர் மூடுவதற்கு விட்டுவைத்திருப்பது பெரும் பிழை என்றே கருதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரும் இந்தக் கரைக்கு வந்தது. 1933இல் மலாய்ப் படைப்பிரிவு 25 பேரோடு தொடங்கப்பட்டது போர்ட்டிக்சனில்தான். இன்று அங்கே தரைப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. போர்க்காலத்தில் சிரம்பானில் சுபாஷ் சந்திர போசின் இந்திய தேசிய இராணுவத்துக்குப் பயிற்சி முகாம் இருந்தது. தோட்டத்திலிருந்து உளியை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுக்கப் போனவர்கள் பலர். ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்கள் அதைவிடப் பலர். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையப்போகும் செய்தி போசை எட்டியது சிரம்பானில் அவர் தங்கியிருந்தபோதுதான். அடுத்த மாதமே பிரிட்டிஷ் இந்தியப் படைகள் மோரிப்பிலும் போர்ட்டிக்சன் கரையிலும் இறங்கின. சில மாதங்களுக்கு முன்பு போசின் படையில் அணிவகுத்த தமிழரும், அந்தக் கப்பல்களில் வந்திறங்கிய இந்தியச் சிப்பாய்களும் ஒரே நாட்டு மக்கள். இன்று பிள்ளைகள் மணல்வீடு கட்டும் கரை அது.

லுக்குட் போர்ட்டிக்சனிலிருந்து சில நிமிடப் பயணம். புறநகர் போலத் தோன்றும் ஊர். ஆனால் கோலாலம்பூரின் பிறப்பில் இதற்குப் பங்குண்டு. சிலாங்கூர் அரச குலத்தவரான ராஜா ஜூமாட் இங்கே ஈயச் சுரங்கத்தைச் செழிக்கவைத்து, 1847இல் குன்றின்மேல் கோட்டை கட்டினார். 1857இல் அவருடைய சகோதரர் கிள்ளான் ராஜா அப்துல்லா ஆற்றுவழி அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் அம்பாங்கில் ஈயம் தேடப் போனார்கள். அதற்கு மலாக்கா வணிகரிடம் பணம் திரட்டியதில் ராஜா ஜூமாட்டுக்கும் பங்கு இருந்தது. பிற்காலத்தில் கோலாலம்பூரின் கப்பித்தானான யாப் ஆ லோய் இளமையில் லுக்குட்டில் வேலை பார்த்தவர். சிலாங்கூருக்குச் சொந்தமாயிருந்த லுக்குட் 1880இல் சுங்கை ஊஜோங்கோடு சேர்ந்தது. கோட்டை மேட்டில் அகழியும் மதில் அடித்தளமும் மரநிழலில் கிடக்கின்றன. பக்கத்தில் அருங்காட்சியகம். மாலை நேரத்தில் அங்கே ஆள் நடமாட்டம் குறைவு.

வடமேற்கே புக்கிட் பெலாண்டோக் பக்கம் சுங்கை நிப்பா என்ற சிற்றூர் இருக்கிறது. 1998–99இல் பன்றிப் பண்ணைகளில் பரவி 105 உயிரைப் பறித்த வைரசுக்கு அந்த ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. ஊரை வேடிக்கை பார்க்கப் போகவேண்டாம்.

நேரம் மிஞ்சினால், வளையத்தை விட்டுச் சற்று விலகி ரெம்பாவும் ஸ்ரீ மெனாந்தியும். மினாங்கபாவு மக்களின் தாய்வழிச் சொத்துரிமை இன்றும் நிலத்தில் செல்லுபடியாகும் பகுதிகள் இவை. ஸ்ரீ மெனாந்தி மர அரண்மனை 1908இல் முடிந்தது, 99 தூண், இரும்பாணி இல்லாத கட்டுமானம். மலாய்த் தச்சர்களான கஹாரும் தாயிபும் கட்டியது. தச்சர்களின் பெயர் அரண்மனையோடு சேர்த்துச் சொல்லப்படுவதைக் கேட்கும்போது மனம் நிறைகிறது. கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. சுற்றியுள்ள தோட்டங்களில் காடு திருத்தி முதல் கன்று நட்டவர்கள் யாருடைய பெயரையாவது எங்கேயாவது யாராவது சொல்கிறார்களா?

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே நிலம் வேகமாக மாறுகிறது. செண்டாயான் தோட்டம் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான், பல்லாயிரம் வீடுகள். தோட்டப் பெயர்கள் தாமான் பெயர்களாகின்றன. சில அதுவும் ஆவதில்லை. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது தொழிலாளியின் சேமிப்பைக் கொண்டே நிலத்தைக் காப்பதற்காக. அந்த முயற்சி காத்தது சில தோட்டங்களை. கைவிட்டுப் போனவை மிகப் பல. லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடுகள் இடிந்த இடத்தில் எஞ்சி நிற்பது பெரும்பாலும் இரண்டு: ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி. சுவா பெத்தோங், பிராட்வால், சுங்காலா, செண்டாயான், கொம்போக், லின்சம் என்று அந்தப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளை வரிசையாக வாசித்தாலே பழைய வரைபடம் கிடைத்துவிடும்.

அடுத்த பிப்ரவரியிலோ மார்ச்சிலோ இந்த வளையத்தைச் சுற்ற நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடலுக்கு ஒரு பகலையும் பருந்துக்கு ஒரு காலையையும் ஒதுக்குங்கள். மீதி நேரத்தில் வழியில் தென்படும் தோட்டக் கோயில் ஒன்றில் வண்டியை நிறுத்துங்கள். பூசாரியிடமோ அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவரிடமோ கேளுங்கள்: கோயில் எந்த ஆண்டு எழுந்தது, தோட்டம் யாருடையது, எத்தனை லயம் இருந்தது, சீவுவதை நிறுத்திய மாதங்களில் எப்படிப் பிழைத்தீர்கள், கடலுக்கு எந்த லாரியில் போனீர்கள். சொல்வதைத் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள், அனுமதி கேட்டுக் குரலையும் பதிவு செய்யுங்கள். ஒரு பிரதியைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் நூலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். எழுபது, எண்பது வயதைத் தாண்டிய அந்தப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தள்ளிப்போடாமல் இந்த ஆண்டே போங்கள்.